பக்கத்தில் 14 மாடி வருகிறது: 'ஆட்சேபனை இல்லை' என்று கையெழுத்துப் போடலாமா?

சென்னையின் மையப் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டதால் சுருக்கித் தருகிறேன்.

30 அடித் தெருவில் 38 வருடத்துக்கு முன் கட்டிய தனி வீடு. கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தெருமுனையில், இவர்களுடைய காம்பவுண்ட் சுவரை ஒட்டி இருந்த பழைய பங்களாவை இடித்துவிட்டார்கள். அங்கே 14 மாடியில் 88 வீடுகள் வரப்போகின்றன. இரண்டு அடித்தளங்களும் தரைத்தளமும் சேர்த்து 112 கார் நிறுத்தலாம் என்று விளம்பரத் தாளில் போட்டிருக்கிறார்கள். மனையின் முகப்பு 60 அடி சாலையைப் பார்த்து இருக்கிறது. ஆனால் அது ஒருவழிப் பாதை என்பதால், வண்டிகள் போய்வரும் கேட்டை இந்த 30 அடித் தெருவில் வைக்கப்போவதாகப் பேச்சு. திட்ட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, விண்ணப்பம் போயிருக்கிறது.

தெருவில் 22 குடும்பங்கள். வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. சிலர் தங்கள் வீட்டுக்கு முன் பூந்தொட்டியும் சிமென்ட் கல்லும் வைத்து இடம் பிடித்துவிட்டார்கள். போன மாதம் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு டயாலிசிஸுக்குக் கிளம்பியபோது, மண் பரிசோதனைக்கு வந்த லாரி வாசலை அடைத்து நின்றிருக்கிறது. டிரைவரைத் தேடிப்பிடிக்க 40 நிமிடம். கணவர் அதுவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறார்.

இப்போது பில்டரின் ஆள் வந்து, "ஆட்சேபனை இல்லைன்னு முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்க, கட்டடத்துக்குள்ளேயே உங்களுக்கு ஒரு கார் பார்க்கிங் எழுதித் தர்றோம்" என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன், கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறார். தெருக்காரர்களோ, யாரும் கையெழுத்துப் போடாவிட்டால் கட்டடமே வராது என்கிறார்கள். "முப்பது வருஷமா எங்க வீட்டு முன்னாடி எங்க வண்டிதான் நிக்குது. அந்த இடம் இனி யாருக்கு?" என்பது அவர் கேள்வி.

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பில்டரின் ஆள் நீட்டும் தாளிலும் வேண்டாம், தெருக்காரர்கள் தயாரித்திருக்கும் மனுவிலும் அது இப்போது இருக்கும் வடிவத்தில் வேண்டாம். மனுவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கான பதில் உங்களுக்குப் பிடிக்காது. வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெரு மாநகராட்சியுடையது. முப்பது வருடமல்ல, அறுபது வருடம் உங்கள் வண்டி அங்கே நின்றிருந்தாலும் அந்த இடம் உங்களுடையது ஆகாது. பொதுச் சாலையில் வண்டி நிறுத்துவதற்குப் பழக்கத்தால் வரும் உரிமை என்று ஒன்று கிடையாது. புதிதாகக் குடிவருபவரும் நாளைக்கு அதே இடத்தில் சட்டப்படி நிறுத்தலாம். தொட்டியையும் கல்லையும் வைத்திருப்பவர்களிடம் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது ஆக்கிரமிப்பு. பில்டர் அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், நாளைக்கு நீதிமன்றத்தில் தெருவை அடைப்பது நீங்கள்தான் என்று காட்டுவார். அவர் வக்கீலாக நான் இருந்தால் முதலில் எடுக்கும் படம் அதுதான்.

ஆனால் வாசல் வேறு விஷயம். ஒரு மனையின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்திருக்கும் சாலை விதியிலேயே இருக்கிறது. 'கேட் முன் நிறுத்தாதீர்' என்று நீங்கள் மாட்டும் பலகைக்குத் தனியாகச் சட்ட பலம் இல்லை, விதிக்கு இருக்கிறது. போக்குவரத்துக் காவல் துறைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நோயாளி இருக்கிறார், வாரத்தில் இன்னின்ன நாள் இந்த நேரத்துக்கு வண்டி வெளியே போக வேண்டும் என்று எழுதி, டயாலிசிஸ் சீட்டின் நகலை இணைத்து, வாசலுக்கு முன் நிறுத்தத் தடைக் குறியீடு போடும்படி கேளுங்கள். இப்போது இருக்கும் நிலையிலேயே இது உங்களுக்குக் கிடைக்க வேண்டியது. பக்கத்தில் கட்டடம் வருவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கட்டடத்தைத் தடுக்க முடியுமா?

கையெழுத்துப் போடாவிட்டால் கட்டடமே வராது என்பது தவறான நம்பிக்கை. திட்ட அனுமதி அக்கம்பக்கத்தாரின் ஓட்டெடுப்பில் கிடைப்பதல்ல. 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். சாலை அகலம், சுற்றிலும் விட வேண்டிய இடம், வண்டி நிறுத்தும் இடம், தீயணைப்பு வண்டி வந்துபோகும் வழி எல்லாவற்றையும் சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், பார்க்கும். தீயணைப்புத் துறையும் போக்குவரத்துக் காவலும் தடையில்லாச் சான்று தர வேண்டும். எல்லாம் விதிப்படி இருந்தால், 22 குடும்பமும் எதிர்த்தாலும் அனுமதி வரும். விதிப்படி இல்லையென்றால், ஒரே ஒருவர் எதிர்த்தாலும் நிறுத்த முடியும்.

அப்புறம் ஏன் உங்கள் கையெழுத்துக்கு இவ்வளவு அலைகிறார்கள்? நாளைக்கு நீங்கள் வழக்குப் போட்டால், 'எல்லாம் தெரிந்துதான் சம்மதித்தார், இப்போது ஏன் வருகிறார்?' என்று கேட்பதற்கு. நீதிமன்றம் இடைக்காலத் தடை தருமா தராதா என்று யோசிக்கும்போது இந்தத் தாள் உங்களுக்கு எதிராகப் பேசும். அதன் மதிப்பு அதுதான், அதற்காகத்தான் ஒரு கார் பார்க்கிங் வரை விலை பேசுகிறார்கள்.

கட்டடத்துக்குள் உங்களுக்கு ஒரு இடம்

இந்த வாக்குறுதியைத்தான் உங்கள் மகன் நல்ல பேரம் என்று நினைக்கிறார். அவரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

2010இல் உச்ச நீதிமன்றம் நாஹல்சந்த் லாலூசந்த் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. தூண்களுக்கு இடையில் திறந்திருக்கும் தரைத்தள பார்க்கிங்கைத் தனிச் சொத்தாக பில்டர் விற்க முடியாது, அது குடியிருப்பவர்களின் பொதுவசதி என்றது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. அதன் பிறகு 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, இந்தியா முழுமைக்கும் பொருந்தும். அதில் திறந்தவெளி பார்க்கிங் பொதுப் பகுதிக்குள் வருகிறது. 'கராஜ்' என்றால் கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருக்க வேண்டும் என்று தனியாக விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, உங்களுக்கு எழுதித் தருவது இதில் எது? அந்தக் கட்டடத்தில் உங்களுக்கு வீடு இல்லை, நிலத்தில் பிரிபடாத பங்கும் இல்லை. வீடுகளை விற்று முடித்ததும் பில்டர் போய்விடுவார். பொறுப்பு குடியிருப்போர் சங்கத்துக்கு வரும். முதல் பொதுக்குழுவிலேயே 'இந்த வெளியாள் கார் ஏன் இங்கே நிற்கிறது?' என்று ஒருவர் கேட்பார், அவர் கேட்பது நியாயமும்கூட. காவலாளி கேட்டைச் சாத்திவிட்டால் நீங்கள் எந்தத் தாளைக் காட்டுவீர்கள்? கொடுக்கத் தனக்கு உரிமையில்லாத ஒன்றைக் காட்டி, உங்களிடம் இருக்கும் உண்மையான ஒன்றை அவர் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்.

சண்டை எண்ணிக்கையில் இல்லை, கேட்டில் இருக்கிறது

தெருக்காரர்களின் மனுவையும் இணைத்திருக்கிறீர்கள். 88 வீட்டுக்கு 112 இடம் போதாது, 176 வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும் ஒரே கோரிக்கை. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மனு வெற்றி பெற்றால் முதலில் அடிபடுவது நீங்கள்தான். கூடுதலான 64 கார்களை எங்கே வைப்பார்கள்? மூன்றாவது அடித்தளம் தோண்டுவார்கள், அதுவும் உங்கள் சுவருக்குப் பக்கத்தில். அந்த 64 கார்களும் உங்கள் 30 அடித் தெரு வழியாகத்தான் காலையில் வெளியே வரும். எத்தனை இடம் வேண்டும் என்பதை விதி கட்டடப் பரப்பை வைத்துக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கைச் சரிபார்க்கலாம், அதற்கு மேல் வேண்டும் என்று கேட்டால் சி.எம்.டி.ஏ. கேட்காது.

நீங்கள் கேட்க வேண்டியது கேட்டைப் பற்றி. 60 அடி சாலையின் அகலத்தைக் காட்டித்தான் 14 மாடிக்கு அனுமதி கேட்கிறார்கள். 30 அடித் தெரு என்பது சுமார் 9 மீட்டர், அதை வைத்து இந்த உயரம் கேட்க முடியாது. அகலமான சாலையின் பெயரில் உயரத்தை வாங்கிக்கொண்டு, வண்டிகளை மட்டும் குறுகிய தெருவில் விடுவது என்ன நியாயம்? ஒருவழிப் பாதையாக இருப்பதால் அங்கே கேட் வைக்க முடியாது என்று ஆகிவிடாது. வண்டி கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரும், அவ்வளவுதான். போக்குவரத்துக் காவல் தடையில்லாச் சான்று தரும்போது நுழையும் வழி, வெளியேறும் வழி இரண்டையும் பார்த்து நிபந்தனை போட முடியும். அந்தச் சான்று வரும் முன் உங்கள் ஆட்சேபம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

60 அடி சாலையையும் ஒருமுறை அளந்து பாருங்கள். தேவையான அகலம் மனைக்கு முன்னால் மட்டும் இருந்தால் போதாது, குறிப்பிட்ட தூரத்துக்குத் தொடர்ந்து இருக்க வேண்டும். பெயரில் 60 அடி, நடுவில் ஓரிடத்தில் 48 அடி என்று இருக்கும் சாலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வரைபடம். சாதாரணக் கார் இடம் ஒன்று 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். வரைபடத்தில் பெட்டி பெட்டியாகப் போட்டிருப்பது அந்த அளவில் இருக்கிறதா, தூணைக் கழித்த பிறகும் இருக்கிறதா என்று ஒரு இன்ஜினீயரை வைத்துப் பாருங்கள். தீயணைப்பு வண்டி சுற்றிவர விட்ட வழியில் கார் இடம் காட்டியிருக்கிறார்களா? ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் இயந்திர பார்க்கிங் எத்தனை? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இயந்திரம் பழுதானால், அல்லது அதில் ஏற்றி இறக்கச் சோம்பல்பட்டால், அந்தக் கார்கள் உங்கள் வாசலுக்கு வந்துவிடும். விருந்தினர் வண்டிக்கு உள்ளே இடம் காட்டியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். தெருவை நிரப்புவது பெரும்பாலும் குடியிருப்பவர் வண்டி அல்ல, ஞாயிற்றுக்கிழமை வரும் உறவினர் வண்டி.

நான் நடத்திய ஒரு வழக்கில் வரைபடம் குறையே சொல்ல முடியாதபடி இருந்தது. கட்டி முடித்த இரண்டாம் வருடம் தரைத்தள பார்க்கிங்கில் எட்டு இடத்தைத் தடுத்து உடற்பயிற்சிக் கூடமும் ஸ்டோர் ரூமும் ஆக்கிவிட்டார்கள். எட்டுக் காரும் தெருவில் நின்றன. உயர்மாடிக் கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் கட்டாயம். அதற்கு முன் ஆய்வுக்கு வரும்போது இப்படிப்பட்ட மாற்றம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். அதுதான் பில்டர் பணிந்து வரும் நேரம்.

உங்களிடம் இருக்கும் உண்மையான உரிமை

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'பங்களாவை இடித்தபோது பூஜை அறைச் சுவரில் மயிரிழைபோல ஒரு விரிசல் விட்டது.' அதைப் படித்ததும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பார்க்கிங்கைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, இதற்கு ஒரே வரி!

இரண்டு அடித்தளம் என்றால் உங்கள் சுவருக்குப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டுவார்கள், ஊறும் நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைப்பார்கள். உங்கள் அஸ்திவாரத்தைத் தாங்கும் மண் அப்போது நகரலாம், இறங்கலாம். பக்கத்து நிலம் உங்கள் நிலத்துக்குத் தரும் தாங்கலை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் உரிமையாக ஏற்கிறது. மேலே கட்டடம் இருந்து, அதற்கும் சேர்த்து 20 வருடம் இடையூறில்லாமல் அந்தத் தாங்கல் கிடைத்து வந்திருந்தால், அதையும் நீதிமன்றத்தில் உரிமையாகக் கேட்கலாம். உங்கள் வீட்டுக்கு 38 வயது. தெருவில் வண்டி நின்ற வருடங்கள் உங்களுக்கு ஒன்றும் தரவில்லை. மண் சுவரைத் தாங்கிய வருடங்கள் தந்திருக்கின்றன.

ஆகவே தோண்டுவதற்கு முன், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு வீட்டின் இன்றைய நிலையை அறிக்கையாக வாங்குங்கள். ஒவ்வொரு விரிசலுக்கும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடுக்கச் சொல்லுங்கள். பூஜை அறை விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள், வளர்கிறதா என்று தெரிந்துவிடும். வழக்கு என்று வந்தால் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பிப் பார்வையிடச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் தோண்டிய பிறகு வரும் ஆணையரால் முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

பேசுவதா, வழக்கா?

உங்கள் கணவரின் உடல்நிலையை வைத்துப் பார்த்தால், பேசி முடிப்பது நல்லது என்றே எனக்குப் படுகிறது. பயந்து பேசத் தேவையில்லை. பில்டருக்கு வேண்டியது காலதாமதம் இல்லாமல் வேலை நடப்பது. உங்களுக்கு வேண்டியது நான்கைந்து விஷயங்கள்: வண்டி கேட் 60 அடி சாலையில் இருக்க வேண்டும். தோண்டும் முன் உங்கள் பக்கம் மண் தாங்கும் சுவர் எழுப்ப வேண்டும். வீட்டுக்குச் சேதம் வந்தால் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும், அதற்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். லாரிகள் உங்கள் தெருவில் காத்து நிற்கக் கூடாது, டயாலிசிஸ் நாட்களில் காலை 5 முதல் 7 வரை வரவே கூடாது.

இதெல்லாம் பில்டர் மட்டும் கையெழுத்திட்ட கடிதமாக இருந்தால் பிரயோஜனம் குறைவு. நில உரிமையாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அதைவிட முக்கியமாக, கேட் விஷயம் சி.எம்.டி.ஏ.வின் அனுமதி வரைபடத்திலேயே வர வேண்டும். வரைபடத்தில் இருப்பது நாளைக்கு வரும் சங்கத்தையும் கட்டுப்படுத்தும். வாய்ப்பேச்சு யாரையும் கட்டுப்படுத்தாது.

வழக்கு என்றால், விதிமீறி அனுமதி கொடுத்தால் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். உங்கள் சுவருக்கு ஆபத்து என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். இரண்டுக்கும் காகிதம் வேண்டும், கோபம் மட்டும் போதாது. லாரியை மறிப்பது, வாட்ஸ்அப்பில் மிரட்டுவது எல்லாம் புகாராகத் திரும்பி வரும். குழுவில் உங்கள் பெயரில் அப்படி எதுவும் இருந்தால் இனி எழுதாதீர்கள்.

காகிதம் எங்கே கிடைக்கும்? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெராவில் பதிவு செய்தாக வேண்டும். பதிவானதும் அந்த ஆணையத்தின் இணையதளத்தில் அனுமதி விவரங்கள் வரும். அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி சி.எம்.டி.ஏ.விடம் கேளுங்கள்: விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, சமர்ப்பித்த வரைபடத்தில் வண்டி கேட் எந்தப் பக்கம், போக்குவரத்துக் காவலுக்குக் கோப்பு அனுப்பப்பட்ட தேதி என்ன. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் முன் அனுமதியும் வேண்டும், அந்தக் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆனால் அந்த 30 நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆட்சேப மனுவை இப்போதே கொடுத்துவிடலாம். தெருக்காரர்களின் மனுவில் '176 இடம்' என்ற வரியை எடுத்துவிட்டு, கேட், விருந்தினர் பார்க்கிங், தோண்டும்போது பாதுகாப்பு இந்த மூன்றை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்படி மாற்றினால் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். சி.எம்.டி.ஏ., போக்குவரத்துக் காவல், தீயணைப்புத் துறை மூன்றுக்கும் தனித்தனியாக, வாசலை அடைத்து நின்ற லாரியின் படத்தோடு கொண்டுபோய்க் கொடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிய பிறகே வெளியே வாருங்கள்.